நேரலையில் சீனியம்மாள்

கோட்டூரணியில் சீனியம்மாளுக்குக் காது கேட்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம், ஹாக்கி மைதானத்தில், முதல் பாதி ஆட்டம் முடியப்போகிற சமயத்தில். அதற்கு முன்பும் அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது, எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு. அன்றைக்குக் கேட்கத் தொடங்கியது வேறு.

சுற்றிலும் கரிசல் காடு, நடுவில் தீப்பெட்டி ஆபீஸ்கள், மேற்கே செம்மண் கொட்டி இறுக்கிய ஒரு மைதானம், இவ்வளவுதான் ஊர். கிரிக்கெட் மட்டை வாங்கினால் கோட்டூரணிக்காரர்கள் அதைத் துணி துவைக்கத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பக்கத்து ஊர்களில் கேலி பேசுவார்கள், அந்த அளவுக்கு அங்கே ஹாக்கி. வருஷா வருஷம் கோடையில் நடக்கும் போட்டியைப் பால்பாண்டி அண்ணாச்சி தன் கேபிள் டிவியில் நேரடியாகக் காட்டுவார், உயர்நிலைப்பள்ளி டிரில் மாஸ்டர் வர்ணனை சொல்லுவார். அந்த வருஷம் டிரில் மாஸ்டர் மச்சினி மகள் சடங்குக்கு ராஜபாளையம் போய்விட்டார். அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கண்ணில் பட்டவள் சீனியம்மாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வெள்ளத்தாயின் ஒரே மகள். தபால் வழியில் பி.ஏ. படித்துவிட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் பிறந்தநாள் வாழ்த்துகளையும் காணாமல்போன ஆடுகளின் அடையாளங்களையும் தினமும் அதே டிவியில் வாசித்துக்கொண்டிருந்தவள்.

"ஏத்தா, இன்னைக்கு நீ பேசிரு," என்றார் அண்ணாச்சி. "பந்து எங்க போகுதுன்னு சொல்லு. அது போதும்."

அவளும் பந்து போகிற இடத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தபோது எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது. மைதானத்தில் ஏது குக்கர் என்று அவள் யோசிப்பதற்குள் இன்னொரு இடத்தில் யாரோ தேங்காய் துருவினார்கள், ஒரு தொட்டில் கயிறு கிறீச்சிட்டது, ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார், ஒரு பெண் மிகவும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல், "இந்தப் புள்ள மூக்குத்தி எங்க எடுத்தது, நல்லாருக்கே," என்றாள்.

"சாத்தூர்ல எடுத்தது அத்தை," என்று சீனியம்மாள் மைக்கில் சொல்லிவிட்டு, பந்து இடது ஓரமாகப் போவதைச் சொன்னாள்.

வடக்குத் தெருவில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அத்தை, "ஓ, சாத்தூரா," என்று சொல்லிக்கொண்டு சோறு வடிக்க எழுந்துபோனாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அவள் மைக்கைப் பிடித்து நேரடியாகப் பேசுகிற வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளில் பேசுகிறதெல்லாம் அவளுக்குக் கேட்கும். ஒளிபரப்பு நின்றால் நின்றுவிடும். இது எதனால் என்று கோட்டூரணியில் யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. டிவியில் அவள் பேசுவது நமக்குக் கேட்கிறபோது நாம் பேசுவது அவளுக்குக் கேட்பதில் என்ன இருக்கிறது, வயர் ஒன்றுதானே என்றார் பால்பாண்டி அண்ணாச்சி. அந்த விளக்கமே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

அவர்களுக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன. முதல் வாரத்திலேயே பெண்கள் ஹாக்கி பார்க்கத் தொடங்கினார்கள். அதுவரை மைதானத்துக்குப் போன புருஷன்மார்களை இருட்டும் வரை பிடிக்க முடியாமல் தவித்தவர்கள், இப்போது டிவி முன்னால் உட்கார்ந்து, "சீனி, எங்க வீட்டு ஆளு தெக்குப் பக்கம் நிப்பாரு, வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வரச் சொல்லு," என்று சொன்னால், மைதானத்து ஒலிபெருக்கி, பெனால்ட்டி கார்னர் கோட்டூரணிக்கு என்று முழங்கிய கையோடு, "செல்லையா மாமா, வெங்காயமாம்," என்றும் முழங்கியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பல மாதங்களாகப் பேசாமலிருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அவள் வழியாகப் பேசத் தொடங்கி, அவள் ஒரு கோலில் மும்முரமாக இருந்தபோது பொறுக்கமாட்டாமல் நேராகவே பேசிவிட்டார்கள். சண்டை போட நினைத்தவர்கள் டிவியை அணைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். அவளுக்குக் கேட்க மட்டும்தான் செய்யும், பார்க்க முடியாது என்று தெரிந்தும் பல வீடுகளில் ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன் வீட்டைக் கூட்டிப் பெருக்கி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது யாரும் சேதி சொல்லக் கூடாது, பந்து வெளியே போனால் சொல்லலாம் என்று ஊர் தானாகவே ஒரு முறை வகுத்துக்கொண்டது. நடுவர்களும், பந்து வெளியே போனால் அதை எடுத்து வர அவசரப்படுத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

ராஜபாளையத்திலிருந்து திரும்பி வந்த டிரில் மாஸ்டர் ஒரு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இனிமே நீயே பேசும்மா, நான் பேசுனா இவங்க யாருக்கும் வெங்காயம் கெடைக்காது," என்று சொல்லி நாற்காலியைக் கொடுத்துவிட்டார்.

இத்தனை வீட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒரு வீட்டுச் சத்தம் மட்டும் சீனியம்மாளுக்குத் தனியாகத் தெரிந்தது. மற்ற வீடுகளில் பல குரல் இருக்கும், அங்கே ஒரு குரல்தான். ஒரு தட்டு வைக்கிற சத்தம், ஒரு தம்ளர் வைக்கிற சத்தம், பிறகு ஓர் ஆண்பிள்ளைக் குரல், கோட்டூரணிப் பேச்சு இல்லாத வேறு பேச்சு, டிவியைப் பார்த்துத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும்:

"என்னா இது, எல்லாரும் கீழ விழுந்த காசத் தேடுறாப்புல கூனிக்கிட்டே ஓடுறானுவோ?"

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காசு ஒண்ணும் விழல," என்றாள் மைக்கில். "பந்து தரையில கெடக்கு, மட்டை குட்டையா இருக்கு. நிமிந்து ஓடுனா பந்து எட்டாது, அதனாலதான் குனிஞ்சு ஓடுறாங்க."

"அட, ஆமாம்," என்றது குரல்.

மறுநாள், "காலுல பட்டதுக்கு என்னாத்துக்கு இந்தக் கத்து கத்துறானுவோ?" என்றது. காலில் படக்கூடாது என்று அவள் சொன்னாள். அதற்கும் மறுநாள், "மட்டையத் திருப்பித் திருப்பிப் புடிக்கிறானே, ஒரு பக்கமா அடிச்சாத்தான் என்னா?" என்றது. மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, தட்டைப் பக்கம்தான் அடிக்கலாம் என்று அவள் விளக்கினாள். ஹாக்கி பார்த்தே வளர்ந்த ஊருக்கு இதையெல்லாம் யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, அதுவரை வெங்காயத்துக்காக மட்டும் டிவி பார்த்த பெண்களுக்கெல்லாம் ஆட்டம் புரிந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டே வெள்ளத்தாயும் அவள் கூட்டாளிகளும் நேற்றைய நடுவர் கொடுத்த கார்னர் சரியா தப்பா என்று கத்தித் தீர்த்தார்கள். சீனியம்மாள் மாதிரி விளக்கமாகச் சொல்ல ஆள் இல்லை என்று பேர் பரவியது. சுற்றுப்பட்டு ஊர்களில் கபடி, கைப்பந்து என்று எது நடந்தாலும் பால்பாண்டி அண்ணாச்சியின் கேமராவோடு அவளையும் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, எங்கே போனாலும் அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் குரலுக்குரியவன் பெயர் வைத்தியலிங்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கோட்டூரணி மாட்டாஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக மாற்றலாகி வந்தவன். வாய்க்காலும் வயலுமாகப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கரிசலில் யாரையும் தெரியவில்லை. பகலெல்லாம் மாடுகளோடு பேசுவான், சாயங்காலம் டிவியோடு பேசுவான். சீனியம்மாளுக்கு வீட்டுப் பேச்சு கேட்கும் என்பதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்ததால், அதை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாம் நினைப்பதையெல்லாம் இந்தப் பெண் சரியாகச் சொல்கிறதே, நல்ல கெட்டிக்காரப் பெண் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் உடம்பெல்லாம் பஞ்சு உறை கட்டிக்கொண்டு கோல்கீப்பர் உள்ளே வந்தபோது, "பாவம், நாலு காலுக்கும் கட்டுப்போட்ட மாடு மாதிரி நடந்து வர்றான்," என்று அவன் சொன்னான். சீனியம்மாள் சிரித்தாள். சாதாரணமாகச் சிரிக்கவில்லை, மைக்கைக் கையால் மூடிக்கொள்ள மறந்துபோய், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஊரில் எந்த வீட்டுக்கும் காரணம் தெரியவில்லை, ஆனாலும் எல்லா வீடும் சேர்ந்து சிரித்தது. சிரிப்பு அடங்கின பிறகு ஒரு தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இந்தப் பொண்ணு சிரிச்சா இந்த ஊரே நல்லாருக்கு," என்றது குரல், மெதுவாக. "கட்டிக்கிட்டா இப்படி ஒரு பொண்ணத்தான் கட்டிக்கணும்."

சீனியம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். கோட்டூரணி அணி அப்போது ஒரு கோல் போட்டது. வர்ணனை சொல்லப்படாமல் அந்த ஊரில் விழுந்த ஒரே கோல் அதுதான்.

"என்னத்தா ஆச்சு, கோல் விழுந்துருச்சு!" என்று பால்பாண்டி அண்ணாச்சி கேமராவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார்.

"ஒண்ணுமில்ல," என்றாள் சீனியம்மாள் மைக்கில். "ஒருத்தர் ஒண்ணு சொன்னாரு."

ஊரிலுள்ள அத்தனை வீடும் ஒரே நேரத்தில் யாரு, என்ன சொன்னான் என்று கேட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவில் அந்தக் குரலும், "யாரு என்னா சொன்னா?" என்று அப்பாவியாகக் கேட்டது.

"நீங்கதான் சொன்னீங்க," என்றாள் சீனியம்மாள்.

ஒரு நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம். பிறகு டிவி பொத்தானை அமுக்குகிற சத்தம். பிறகு அந்த வீட்டிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. சீனியம்மாள் பந்து போன இடத்தைச் சரியாகச் சொன்னாள், வெங்காயச் சேதிகளையும் சொன்னாள், ஆனால் விளக்கம் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. கடைசியில் ஒரு காலையில் சீனியம்மாள் பக்கத்து வீட்டு ஆட்டைக் கேட்டு வாங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். கட்டுப்போட்ட மாட்டை நினைத்துப் பார்க்கிறவன் வேறு எங்கே இருப்பான் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். ஆடு வழியெல்லாம் திமிறியது. அவர்கள் வீட்டில் ஆடே கிடையாது என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே அவள் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் சங்கதி ஊர் முழுக்கப் புரிந்துவிட்டது.

மாட்டு டாக்டர் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தார், காதைத் தொட்டுப் பார்த்தார். "ஆட்டுக்கு ஒண்ணுமில்லம்மா."

"கம்பவுண்டர் இல்லையா, சார்?"

"வைத்தியலிங்கமா? திடீர்னு மாற்றல் கேட்டு, சொந்த ஊரு மன்னார்குடிப் பக்கமே போயிட்டான். நேத்துதான் கெளம்பினான். என்ன கஷ்டமோ, முகத்தையே தூக்கல, தரையப் பாத்தே பேசினான்."

வைத்தியலிங்கம் என்று அவள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். வரும்போது ஆடு திமிறவில்லை.

கோட்டூரணி தன்னால் ஆனதைச் செய்தது. அன்று சாயங்காலத்திலிருந்து ஊரிலுள்ள ஆம்பளைகளெல்லாம், ஹாக்கியில் மாவட்டத்துக்கே ஆடினவர்கள் உட்பட, தங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல் கேள்வி கேட்டார்கள். "சீனி, இவங்க ஏன் குனிஞ்சு ஓடுறாங்க?" என்றார் செல்லையா மாமா. "அந்தப் பந்து எதுக்கு வெள்ளையா இருக்கு?" என்றார் டிரில் மாஸ்டர். சீனியம்மாள் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொன்னாள். ஆனால் அது மேசையில் தலை கவிழ்ந்து சிரித்த சிரிப்பு இல்லை என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. "பாவி, மாட்டுக்கு ஊசி போடுறவனுக்கு இவ்வளவு கூச்சமா," என்று வடக்குத் தெரு அத்தை டிவியைப் பார்த்துத் திட்டினாள்.

அடுத்த கோடையில் போட்டி பெரிதாகிவிட்டது. வடக்கேயிருந்தெல்லாம் அணிகள் வந்தன. இறுதி ஆட்டத்துக்குக் கோட்டூரணி அணியே வந்துவிட்டதைக் கேள்விப்பட்டு, சென்னையிலிருந்து ஒரு சேட்டிலைட் சேனல் பெரிய வண்டியோடும் குடை மாதிரி ஆன்டெனாவோடும் வந்து இறங்கியது. வர்ணனைக்கு ஆள் கூட்டி வந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் போய் வண்டியைச் சுற்றி நின்று, சீனியம்மாள் பேசாவிட்டால் மைதானத்தில் கரண்ட் இருக்குமா என்பது சந்தேகம்தான் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

சேனல் தயாரிப்பாளர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். "மேடம், லோக்கல்ல பேசுறது வேற, இது வேற. தமிழ்நாடு பூரா பார்க்கும். பயமில்லையா?"

"தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் தெரியுமா, சார்?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"எல்லாப் பக்கமும் தெரியும்."

"அப்பப் பேசுதேன்."

ஆனால் அவள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. வணக்கம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், கடல் வந்து காதில் மோதியது. ஒரு ஊர்ச் சத்தம் கேட்டுப் பழகியவளுக்கு நாட்டுச் சத்தம் மொத்தமும் கேட்டது: லட்சம் குக்கர், லட்சம் தொட்டில், டீக்கடை, சலூன், ஆஸ்பத்திரி வராந்தா, நாகர்கோவில் பேச்சு, சேலத்துப் பேச்சு, கோயம்புத்தூர்ப் பேச்சு, எல்லாம் ஒன்றாகக் குழம்பி இரைந்தது. இதில் ஒரு தம்ளர் வைக்கிற சத்தத்தை எங்கே போய்த் தேடுவது? பந்து ஓடிக்கொண்டிருந்தது, அவள் பேசவில்லை. தயாரிப்பாளர் தலையில் கை வைத்தார்.

சீனியம்மாள் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். மைதானத்தைப் பார்த்தாள். அந்தக் கோடியில் கோல்கீப்பர் காலை அகட்டி அகட்டி நடந்துகொண்டிருந்தார்.

"கோல்கீப்பரைப் பாருங்க," என்றாள். "நாலு காலுக்கும் கட்டுப்போட்ட கழுதை மாதிரி நடந்து வர்றாரு."

தமிழ்நாடு சிரித்தது. அந்தச் சிரிப்பு அலையலையாக வந்து அடங்கும்போது, எங்கோ வெகுதூரத்தில், பல பேர் கூடியிருக்கிற ஒரு கூடத்தில், ஒரு குரல் தன்னை மறந்து சொன்னது:

"கழுதையில்ல. மாடு."

"மாடுதான்," என்றாள் சீனியம்மாள். "நான்தான் மாத்திச் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன். போயிராதீங்க. டிவிய அணைக்காதீங்க."

கோட்டூரணியில் எல்லா வீடும் எழுந்து நின்றது. "வந்துட்டான், வந்துட்டான்," என்று வெள்ளத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு அந்த ஆட்டத்தைச் சீனியம்மாள் சொன்ன மாதிரி யாரும் எங்கும் சொன்னதில்லை. பந்தும் பேச்சும் சேர்ந்து ஓடின, இடது ஓரத்திலிருந்து கோட்டூரணியின் இசக்கிமுத்து பந்தைக் கடத்திக்கொண்டு போவதைச் சொல்லி, மூச்சு விடுகிற இடைவெளியில், "ஏன் சொல்லாமப் போனீங்க?" என்று கேட்டு, பந்து வெளியே போனதைச் சொல்லி, பதிலைக் கேட்டுக்கொண்டாள். நாட்டுக்கெல்லாம் அவள் பேசிய பாதிதான் கேட்டது, மறுபாதியை ஒவ்வொரு வீடும் தானாகவே இட்டு நிரப்பிக்கொண்டது. குழம்பியிருந்த கடல் மெல்ல மெல்ல ஓய்ந்து, லட்சம் வீடுகள் அடுப்பைக் குறைத்து, தொட்டிலைக் கையால் பிடித்து நிறுத்தி, அவளுக்காக வாயை மூடிக்கொண்டன. அதனால் அவளுக்கு அந்தக் கூடத்தில் நடந்ததெல்லாம் தெளிவாகக் கேட்டது.

"மாமா, அந்த அக்கா ஒங்ககிட்டயா பேசுது?" என்றது ஒரு பெண்பிள்ளைக் குரல்.

"டேய் தம்பி, பேசேன்டா," என்றது பெரிய பெண்குரல் ஒன்று. அது வைத்தியலிங்கத்தின் அக்கா ராசாத்தி. அவனுக்குக் காத்திராமல் அவளே டிவிக்குப் பக்கத்தில் வந்து பேசினாள். "ஏம்மா பொண்ணு, ஒனக்குக் கேக்குதா? இவன் ஊருக்கு வந்ததுலேருந்து சோறு எறங்காமக் கெடக்கான். மாட்டுக்கிட்ட மட்டும் பேசுறான். நீ என்னா சொல்ற?"

"கேக்குது, மதினி," என்றாள் சீனியம்மாள்.

மதினி என்று அவள் முறை வைத்துச் சொன்னதும் கோட்டூரணியில் குலவைச் சத்தம் கிளம்பியது. மைதானத்து ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களுக்கும் விஷயம் புரிந்தது. ஆட்டம் சமமாக முடிந்து, கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. அதில் யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள், ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும், ஒளிபரப்பும் முடிந்துவிடும். இசக்கிமுத்து எதிரே யாருமில்லாத இடத்தில் பந்தை வைத்துக்கொண்டு, கோலைப் பார்த்து அடிக்காமல் வட்டம் சுற்றினான். வடக்கத்தி அணித் தலைவன் தண்ணீர் கொண்டுவந்தவரிடம் என்ன விஷயம் என்று கேட்டு, கல்யாணப் பேச்சு என்பதைச் சைகையிலேயே தெரிந்துகொண்டு, தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான்; அவர்களும் பந்தைப் பறிக்காமல் சும்மா கூட ஓடினார்கள். பந்து யாருக்கும் வேண்டாத பிள்ளைபோல் மைதானம் முழுக்கச் சுற்றித் திரிந்தது.

அங்கே வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினான். பேசப்போகிறான். சீனியம்மாளுக்கு அது கேட்டது. கண்ணெதிரே இசக்கிமுத்து மூன்றாவது வட்டம் சுற்றுவதும் தெரிந்தது.

அவள் ஒரு கணம் இரண்டுக்கும் நடுவில் நின்றாள். பிறகு மைக்கை இறுகப் பிடித்தாள்.

"இசக்கி! என்ன செய்யுத நீ? எனக்காகப் பந்த வச்சுக்கிட்டுச் சுத்துறியா? வெளையாடாத வெளையாட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? இத்தனை பேரு ஒங்க ஆட்டத்தப் பாக்க உக்காந்திருக்காங்க. எதிர் அணிக்காரங்களே, நீங்களும் நல்லா ஆடுங்க. எங்க ஊரு ஜெயிச்சா நெசமா ஜெயிக்கட்டும். அடி இசக்கி!"

இசக்கிமுத்து விருட்டென்று திரும்பினான். வடக்கத்தி ஆட்கள் நிஜமாகவே பாய்ந்து வந்து மறித்தார்கள், ஒருவன் மட்டையால் பந்தைத் தட்டிவிட்டான், இசக்கி விழுந்து புரண்டு எழுந்து அதை மறுபடி பிடித்தான், சீனியம்மாள் எழுந்து நின்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போக, அவன் அடித்த அடி கோல்கீப்பரின் கட்டுப்போட்ட கால்களுக்கு நடுவே புகுந்து பலகையில் மோதியது. "கோல்!" என்று அவள் கத்திய அதே மூச்சில், மன்னார்குடிப் பக்கத்துக் கூடத்தில் வைத்தியலிங்கமும் வாயைத் திறந்தான்.

"நான் நாளைக்கு..." என்றான்.

விசில் ஊதியது. சேனல் சோப்பு விளம்பரத்துக்குப் போனது. கடல் வற்றிவிட்டது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊரே அவளைச் சுற்றி வந்து நின்று, என்ன சொன்னான், என்ன சொன்னான் என்றது.

"நான் நாளைக்குன்னு சொன்னாரு."

"நாளைக்கு?"

"அவ்வளவுதான் கேட்டுச்சு."

நாளைக்கு என்றால் நாளைக்கு வருகிறான், வேறென்ன என்று ஊர் முடிவுகட்டியது. மறுநாள் காலையிலிருந்து கோட்டூரணி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. தீப்பெட்டி ஆபீஸ்கள் லீவு விட்டன. மதுரைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்சிலும் இறங்கின ஆண்பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி, "நீங்க வைத்தியலிங்கமா?" என்று கேட்டார்கள். ஒரு பாத்திர வியாபாரிக்கு, அவர் இல்லை என்று சொல்வதற்குள் மாலை விழுந்துவிட்டது. பொழுது சாய்ந்தது, கடைசி பஸ்சும் வந்து காலியானது, வைத்தியலிங்கம் வரவில்லை. வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்தபோது, சீனியம்மாள் மறுநாள் வாசிக்க வேண்டிய பிறந்தநாள் வாழ்த்துகளை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு முழுசாச் சொல்லலைல்லம்மா," என்றாள். "முடிக்கட்டும்."

பிற்பாடு சீனியம்மாள் எங்கெங்கோ போய்ப் பேசினாள். அதே சேனல் அவளை ஊர் ஊராக அனுப்பியது, விமானத்தில் ஏற்றியது, கடல் கடந்த மைதானங்களிலெல்லாம் அவள் தமிழில் கோல் என்று கத்தினாள். அங்கிருந்தும் தேனியில் யாரோ வெற்றிலை இடிப்பது அவளுக்குக் கேட்டது. அவள் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த பெண்கள் நாலைந்து பேர் மைக்கைப் பிடிக்க வந்தார்கள், தலை நரைத்த பிறகும் அவளை எல்லோரும் சீனி அக்கா என்றே கூப்பிட்டார்கள். அதெல்லாம் அந்த இறுதி ஆட்டத்துக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நடந்தவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பால்பாண்டி அண்ணாச்சியின் மாடியறையில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, தெற்குத் தெருவில் காணாமல்போன ஒரு கிடாரியின் அடையாளங்களை நேரடியாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஊர் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு அரைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு வளைந்தது என்று அவள் வாசித்தபோது, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பேச்சு நின்றது. பிறகு வடக்குத் தெரு அத்தை, "ஏ புள்ள, பின்னால பாரு," என்றாள்.

சீனியம்மாள் திரும்பினாள். வாசலில், கேமராவுக்குத் தெரிகிற இடத்தில், ஒல்லியாக ஒருவன் நின்றிருந்தான். புதுச்சட்டையின் மடிப்பு கலையவில்லை. அவனுக்குப் பின்னால் பழத்தட்டோடு ஓர் அகலமான பெண் மாடிப்படி ஏறிய மூச்சை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் நாளைக்கு டூட்டின்னு சொல்ல வந்தேன்," என்றான் அவன். "ஞாயித்துக்கிழமைதான் லீவு, அன்னைக்கு வர்றேன்னு. அதுக்குள்ள கோல் போட்டுட்டானுவோ."

அவளுக்கு அவன் குரல் முன்னாலிருந்தும் கேட்டது, ஊரிலுள்ள அத்தனை டிவியிலிருந்தும் கேட்டது. ஊர் அப்போதுதான் வாயைத் திறந்தது. உட்காரச் சொல்லு, தண்ணி குடு, காப்பி குடு, விடாத, ஆளு ஒல்லியா இருக்காரே, சட்டை நல்லாருக்கு, அன்னைக்கு அவசரப்பட்டு இசக்கியக் கோல் அடிக்கச் சொன்னியே, ஒங்க அம்மாவக் கூப்புடு என்று நூறு வீட்டு யோசனையும் ஒன்றாக வந்து விழுந்தது.

வைத்தியலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். "என்னா சொல்றாவோ எல்லாரும்?"

"உக்காரச் சொல்லுதாங்க."

அவன் உட்காரவில்லை. கேமராவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், கேமராவைப் பார்த்து மறுபடியும் மூடிக்கொண்டான். காது முழுக்க ஊரோடு சீனியம்மாள் எழுந்தாள்.

"அண்ணாச்சி," என்றாள். "கொஞ்சம் நிறுத்துங்க."

"என்னத்தா, நேரடி ஒளிபரப்பு..."

"நிறுத்துங்க அண்ணாச்சி. நீங்களும் கீழ போங்க. மதினி, நீங்களும்."

பால்பாண்டி அண்ணாச்சி வயரைப் பிடுங்கினார். ஊரெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாகக் கொட்டியது. சீனியம்மாளுக்கு எல்லா வீடும் அணைந்துபோய், அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தமும் எதிரே ஒருவன் மூச்சு விடுகிற சத்தமும் மட்டும் மிஞ்சின.

"இப்பச் சொல்லுங்க," என்றாள்.

டிவியில் ஒன்றும் தெரியாமல்போன கோட்டூரணி, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடி வந்தது. அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டும் இறக்கிவைக்க மறந்தும், குச்சி மருந்து ஒட்டின கையோடும், மாவு பிசைந்த கையோடும் வந்து கேபிள் ஆபீசின் கீழே கூடியது. மாடிப்படியில் ராசாத்தி குறுக்கே உட்கார்ந்திருந்தாள். "பேசட்டும், கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லி, கொண்டுவந்திருந்த வாழைப்பழங்களை முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். வெள்ளத்தாய்க்கும் ஒன்று கொடுத்தாள், யாரென்று தெரியாமலே.

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. மேசையில் தலை கவிழ்ந்து சிரிக்கிற சிரிப்பு. கதவு திறந்து வைத்தியலிங்கம் படியின் மேல்தட்டுக்கு வந்தான். அத்தனை பேரைக் கண்டதும் திகைத்து நின்றான், பின்வாங்கவில்லை.

"டேய் தம்பி," என்றாள் ராசாத்தி, கழுத்தைத் திருப்பி. "என்னாடா சொல்றா?"

"சரின்னுட்டா அக்கா," என்றான் அவன், தெருவுக்கே கேட்கிற குரலில்.

எழுந்த ஆரவாரத்தில் வேப்பமரத்துக் காக்கைகளெல்லாம் கலைந்து பறந்தன. பால்பாண்டி அண்ணாச்சி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு படியேறி ஓடிப்போய் வயரைச் சொருகி, கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பினார். ஆனால் பார்க்க எந்த வீட்டிலும் ஆள் இல்லை. எல்லோரும் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள்.